ஜப்பானில் ரயில் ஏற ஒரு கார்டு: எதை வாங்குவது, எவ்வளவு போடுவது, எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

டோக்கியோவில் ஒரே நாளில் மூன்று நிறுவனங்களின் ரயிலில் ஏறி இறங்குவது சாதாரணம். ஜே.ஆர். ஒரு நிறுவனம், டோக்கியோ மெட்ரோ இன்னொன்று, தோயெய் சுரங்க ரயில் மாநகர அரசுடையது. இவை போகத் தனியார் ரயில்கள் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சீட்டு எடுக்க நின்றால் பாதி நாள் மெஷின் முன்னாலேயே கழிந்துவிடும். அதற்குத்தான் இந்த ரீசார்ஜ் கார்டு. அங்கே இதை ஐ.சி. கார்டு என்பார்கள். பணம் போட்டு வைத்துக்கொண்டு, உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை கேட்டில் வைத்தால் கட்டணம் தானே கழியும்.

கட்டணத்தில் பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள். டோக்கியோ மெட்ரோவில் 6 கிலோமீட்டர் வரை காகிதச் சீட்டு 180 யென், கார்டில் 178 யென். மிச்சமாவது நேரமும் சில்லறைத் தொல்லையும்தான்.

ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் சிக்கல்களில் முக்கால்வாசி உங்களைத் தீண்டாது. நீங்கள் எங்கே உள்ளே போனீர்கள் என்பதைக் கார்டு எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு முடியாமல் அடுத்த கேட் திறக்காது.

## 1. எந்தக் கார்டு?

நாடு முழுக்க 10 கார்டுகள் ஒன்றின் இடத்தில் ஒன்று செல்லும். டோக்கியோவின் சுயிக்கா, பாஸ்மோ, ஒசாகா பக்கத்து இக்கோக்கா ஆகிய மூன்றுதான் பயணிகள் கண்ணில் அதிகம் படுபவை. சுயிக்காவை வைத்து ஒசாகா மெட்ரோவில் போகலாம், இக்கோக்காவை வைத்து டோக்கியோவில் போகலாம். ஆகவே "எது அதிக இடங்களில் செல்லும்" என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்பப் போகிறீர்கள்? கார்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவது அதை வழங்கிய நிறுவனத்தின் பகுதியில் மட்டுமே நடக்கும். டோக்கியோவில் இறங்கி, சுயிக்கா வாங்கி, ஒசாகாவின் கன்சாய் விமான நிலையம் வழியாகத் திரும்புகிறவர்கள் அங்கே கவுண்டரில் கார்டை நீட்டினால் வாங்க மாட்டார்கள்.

சாதாரண சுயிக்காவுக்கு 500 யென் டெபாசிட் உண்டு, திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும். கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து 10 ஆண்டு வரை உயிரோடு இருக்கும். சிப் தட்டுப்பாட்டால் 2023-இல் இதன் விற்பனை நின்றது, 2025 மார்ச்சில் மீண்டும் தொடங்கியது. "இப்போது சாதாரண சுயிக்கா கிடைக்காது" என்று எங்காவது படித்தால் அது பழைய தகவல்.

வெல்கம் சுயிக்கா சுற்றுலாப் பயணிகளுக்கானது. டெபாசிட் இல்லை, 28 நாளில் காலாவதி, மிச்சப் பணம் ஒரு யென்கூடத் திரும்பாது. வாங்கும்போது கார்டோடு ஒரு துண்டுச் சீட்டும் வரும். செல்லுபடி நாள் அதில்தான் இருக்கிறது. பயணம் முழுக்க அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம், பாஸ்போர்ட் உறைக்குள் செருகி வையுங்கள்.

ஒரு வாரப் பயணம், மறுபடி வரும் எண்ணம் இல்லை என்றால் வெல்கம் சுயிக்கா. வேலை நிமித்தமாக அடிக்கடி வருபவர்கள், ஒரு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள், மாணவர்கள் எல்லாரும் சாதாரண சுயிக்காவையே எடுங்கள்.

## 2. ஆளுக்கு ஒன்று, குழந்தைக்குத் தனி

கணவன் மனைவி இருவரும் ஒரே கார்டை மாற்றி மாற்றி வைத்து உள்ளே போக முடியாது. முதல் ஆள் உள்ளே போனதும் கார்டு "உள்ளே" என்று பதிந்துவிடும், இரண்டாவது ஆளுக்குக் கேட் மூடும். நான்கு பேர் போனால் நான்கு கார்டு.

6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு, ஒரு பெரியவரோடு இரண்டு பேர் வரை ரயிலில் கட்டணம் கிடையாது. 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம். அதற்குச் சிறுவர் கார்டு வேண்டும், மெஷினில் எடுக்க முடியாது. பாஸ்போர்ட்டைக் காட்டி, வயதை உறுதிசெய்து, கவுண்டரில் வாங்க வேண்டும். ஆகக் குழந்தையின் பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் திணித்துவிடாதீர்கள். சிறுவர் கார்டை வைத்தால் கேட்டில் கோழிக்குஞ்சு கத்துவது போல ஒலி வரும். பெரியவர் அதை எடுத்துக்கொண்டு போனால் நிலைய ஊழியருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

பெரியவர்களுக்கு எந்த ஆவணமும் தேவையில்லை. பெயர் பதிந்த கார்டு வேண்டுமென்றால் மட்டும் மெஷினிலேயே பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் அப்படி எடுப்பது நல்லது. தொலைந்தால் நிலையத்தில் சொல்லி நிறுத்தலாம். மறுநாள் முதல் 14 நாளுக்குள் 520 யென் கட்டணமும் 500 யென் புது டெபாசிட்டும், ஆக 1,020 யென் கட்டினால் பழைய மீதியோடு புதுக் கார்டு கிடைக்கும். பெயர் இல்லாத கார்டு தொலைந்தால் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

## 3. விமான நிலையத்தில் வாங்குவது

கையில் யென் நோட்டு இல்லாமல் மெஷின் பக்கம் போகாதீர்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே ஆளுக்கு 10,000 யென்னாவது நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு யென் நம் பணத்தில் ஏறத்தாழ 55 முதல் 60 பைசா. தீர்ந்துவிட்டால் செவன் பேங்க் ஏ.டி.எம்.மில் விசா, மாஸ்டர்கார்டு ஃபாரெக்ஸ் கார்டுகள் வேலை செய்யும். இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கியின் ஆப்பில் முன்கூட்டியே திறந்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அது தொடக்கத்தில் அடைத்துத்தான் இருக்கும். திறப்பதற்கான ஓ.டி.பி. இந்திய எண்ணுக்கு வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வெல்கம் சுயிக்கா டோக்கியோவின் நரிதா விமான நிலையத்தில் இரண்டு ஜே.ஆர். நிலையங்களிலும் (முனையம் 1, முனையம் 2-3) கிடைக்கும். இன்னொரு விமான நிலையமான ஹனேடாவில் மூன்றாம் முனையத்தின் மோனோரயில் நிலையத்தில் கிடைக்கும். மெஷினில் முதலில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். சாதாரண சுயிக்காவில் 2,000 யென் என்று தேர்ந்தெடுத்தால் அதில் 500 டெபாசிட், செலவுக்கு 1,500. வெல்கம் சுயிக்காவில் போட்ட பணம் முழுவதும் செலவுக்கே. கன்சாய் விமான நிலையத்தில் இக்கோக்கா வாங்கினாலும் இதே கணக்குதான்: 2,000 கொடுத்தால் 1,500 கையில்.

இரவில் இறங்குகிறவர்கள் கவனிக்க. கவுண்டர்கள் முன்னதாகவே மூடிவிடும், மெஷின்தான் கதி. நரிதாவிலிருந்து கடைசி ரயில்கள் இரவு 11 மணியை ஒட்டிக் கிளம்பிவிடுகின்றன. குழந்தைக்குக் கார்டு எடுக்க முடியவில்லையே என்று அப்போது தவிக்க வேண்டாம். அன்றைக்குக் காகிதச் சீட்டில் சிறுவர் பொத்தானை அழுத்திச் சமாளித்துவிட்டு மறுநாள் கவுண்டருக்குப் போகலாம்.

## 4. எவ்வளவு போடுவது, எங்கே போடுவது

நரிதாவிலிருந்து சாதாரண ரயிலில் நகருக்குள் வர 1,000 முதல் 1,500 யென் பிடிக்கும். நகருக்குள் சுற்றினால் ஒரு நாளைக்கு 800 முதல் 1,200 யென் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் முறை 3,000 போதும். உச்ச வரம்பு 20,000 யென் என்பதால் ஒரேயடியாகக் கொட்டத் தோன்றும், கொட்டாதீர்கள். உள்ளே போன பணத்தை வெளியே எடுப்பதுதான் கஷ்டம்.

ரீசார்ஜ் செய்ய நிலைய மெஷின், செவன் பேங்க் ஏ.டி.எம்., செவன் இலெவன், லாசன், ஃபேமிலி மார்ட் கடைகள் என்று இடத்துக்குப் பஞ்சமில்லை. எல்லாம் ரொக்கம்தான். கடையில் கார்டைக் காட்டி "சாஜி ஒனெகாய்ஷிமாஸ்" (ரீசார்ஜ் செய்யுங்கள்) என்று சொல்லி 1,000 யென் நோட்டை நீட்டினால் வேலை முடிந்தது. வெளிநாட்டுக் கிரெடிட் கார்டை நிலைய மெஷினில் செருகி ரீசார்ஜ் செய்யலாம் என்ற நம்பிக்கையோடு வரிசையில் நிற்க வேண்டாம். 2024 ஜூலையில் வந்த புது நோட்டுகளைச் சில பழைய மெஷின்கள் இன்னும் துப்பிவிடும். பக்கத்து மெஷினுக்கு மாறிப் பாருங்கள்.

## 5. போனிலேயே வைத்துக்கொள்ளலாமா?

இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன் என்றால் முடியாது. சுயிக்கா ஓடத் தேவையான ஏற்பாடு ஜப்பானில் விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் மட்டுமே திறந்திருக்கும்.

ஐபோன் 8-ம் அதற்குப் பிந்தையவையும் எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும் ஏற்கும். சிங்கப்பூர், மலேசியா, கனடா, லண்டன் பக்கமிருந்து வரும் நம்மவர்கள் ஆப்பிள் வாலட்டில் உள்ள தங்கள் வங்கிக் கார்டிலிருந்தே சுயிக்காவுக்குப் பணம் போட்டுக்கொள்ளலாம். விசா கார்டு மக்கர் செய்தால் மாஸ்டர்கார்டை முயலுங்கள். இந்திய வங்கிக் கார்டுகள் ஆப்பிள் வாலட்டில் பெரும்பாலும் ஏறுவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சாதாரண பிளாஸ்டிக் சுயிக்காவை வாங்கி, வாலட்டில் அதன் கடைசி நான்கு எண்ணைக் கொடுத்து, கார்டின் மேல் போனை வைத்தால் மீதி முழுவதும் போனுக்கு மாறிவிடும். 500 டெபாசிட்டும் மீதியோடு சேர்ந்துகொள்ளும், பிளாஸ்டிக் செத்துவிடும். அதன் பிறகு செவன் பேங்க் ஏ.டி.எம்.மில் போனை வைத்து ரொக்கமாக ரீசார்ஜ் செய்யலாம். வெல்கம் சுயிக்கா பிளாஸ்டிக்கை இப்படி மாற்ற முடியாது.

போன் சுயிக்காவின் மீதியைத் திரும்பப் பெற ஜப்பானிய வங்கிக் கணக்கு வேண்டும். நமக்கு அது இல்லை, எனவே கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே புத்தி. ஒரு வாரப் பயணத்துக்கு இவ்வளவு பாடு தேவையா என்று கேட்டால், பிளாஸ்டிக் கார்டே போதும் என்பதுதான் எங்கள் பதில்.

## 6. கேட்டில்

கார்டை ஒரு வினாடி வைத்து எடுங்கள். வீசிக் காட்டினால் படிக்காது. பர்ஸுக்குள் இரண்டு ஐ.சி. கார்டு இருந்தால் மெஷின் குழம்பும், தனியாக எடுத்து வையுங்கள்.

வெளியே வரும்போது மீதி போதாவிட்டால் கேட் மூடும். பயப்பட ஒன்றுமில்லை. கேட்டுக்கு உட்புறமே கட்டணத்தைச் சரிசெய்யும் மெஷின் இருக்கும். கார்டைச் செருகிக் குறைந்த தொகையை ரொக்கமாகப் போட்டால் கேட் திறக்கும். கேட் வரிசையின் ஒரு ஓரத்தில் ஊழியர் உட்கார்ந்த சன்னலும் இருக்கும். எது நடந்தாலும் அங்கே போய்க் கார்டைக் கொடுங்கள். தாண்டிக் குதிப்பதோ, முன்னால் போகிறவரை ஒட்டிக்கொண்டு வெளியேறுவதோ வேண்டவே வேண்டாம். "வெளியே" என்ற பதிவு விழாமல், அடுத்த நிலையத்தில் கார்டு முடங்கும்.

ஷின்ஜுகு போன்ற பெரிய நிலையங்களில் ஜே.ஆர். கேட்டுக்குப் பக்கத்திலேயே தனியார் ரயில் கேட் இருக்கும். தவறான கேட்டில் நுழைந்துவிட்டு அதே வழியில் திரும்பினால் சில நிலையங்களில் கேட் மூடும், சிலவற்றில் நடைமேடைக் கட்டணம் கழியும். உடனே சன்னலுக்குப் போய் நுழைவை ரத்து செய்யச் சொல்லுங்கள்.

டோக்கியோ மெட்ரோவில் சில இடங்களில் வெளியே வந்து வேறொரு கேட்டில் நுழைந்துதான் ரயில் மாற வேண்டும். காகிதச் சீட்டுக்காரர்கள் அங்கே ஆரஞ்சு நிறக் கேட்டையே தேட வேண்டும். கார்டுக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை, 60 நிமிடத்துக்குள் மறுபடி நுழைந்தால் ஒரே பயணமாகக் கணக்காகும்.

ஆளில்லாத கிராம நிலையங்களில் கேட்டே இருக்காது, கம்பத்தில் இரண்டு சின்னப் பெட்டிகள் மட்டும் நிற்கும். ஓட்டு வீட்டுக் கூரை போன்ற எழுத்து இருப்பது உள்ளே போகிறவர்களுக்கு. மலை மேல் மலை அடுக்கியது போன்ற எழுத்து இருப்பது வெளியே வருகிறவர்களுக்கு. யாரும் தடுக்கவில்லையே என்று வைக்காமல் போனால் கார்டு பிறகு கணக்குக் கேட்கும்.

## 7. கார்டு செல்லாத இடங்கள்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

பகுதி எல்லை. கார்டு டோக்கியோவிலும் செல்லும், நகோயாவிலும் செல்லும். ஆனால் ஒரு பகுதியில் நுழைந்து, இடையில் வெளியே வராமல், இன்னொரு பகுதியில் போய் வெளியேற முடியாது. டோக்கியோவில் கார்டை வைத்து ஏறி, கடற்கரையோரமாக அதாமியையும் தாண்டி மிஷிமா, நுமாஸு வரை போனால், அங்கே எல்லை மாறியிருக்கும், கேட் திறக்காது. முழுக் கட்டணத்தையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். கார்டில் நிற்கும் நுழைவுப் பதிவை நீக்க ஒரு சான்றுச் சீட்டு தருவார்கள், அதைக் கொண்டுபோய் டோக்கியோ பகுதி நிலையத்தில்தான் சரிசெய்ய வேண்டும். எல்லை தாண்டும் நாளில் முதலிலேயே காகிதச் சீட்டு எடுத்துவிடுங்கள்.

கார்டே இல்லாத ஊர். நகோயாவிலிருந்து தகாயாமா போகிறவர்கள் ஏராளம். அந்த மலைப்பாதையில் கார்டு எதுவரை செல்லும் என்று கிளம்பும் முன்பே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குமாமோட்டோவில் ஐந்து பேருந்து, ரயில் நிறுவனங்கள் 2024 நவம்பரில் நாடு தழுவிய கார்டுகளை ஏற்பதையே நிறுத்திவிட்டன. மெஷின் செலவு கட்டுபடியாகவில்லை என்பது காரணம்.

விரைவு ரயில். நரிதாவிலிருந்து நகருக்கு ஓடும் நரிதா எக்ஸ்பிரஸ், ஸ்கைலைனர் இரண்டிலும் எல்லா இருக்கைகளும் முன்பதிவு. கார்டிலிருந்து அடிப்படைக் கட்டணம் மட்டுமே கழியும், இருக்கைக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். கேட் திறந்துவிட்டதே என்று ஏறி உட்காராதீர்கள், பரிசோதகர் வருவார்.

ஷின்கான்சென். டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும் புல்லட் ரயிலுக்குக் கார்டில் உள்ள பணம் உதவாது. இணையத்தில் இருக்கை பதியும் ஸ்மார்ட் ஈ.எக்ஸ். சேவையில் உங்கள் ஐ.சி. கார்டின் எண்ணைப் பதிந்து வைத்தால் அதையே சீட்டாகக் காட்டி உள்ளே போகலாம். அப்போதும் பணம் போவது கிரெடிட் கார்டிலிருந்துதான். கேட்டில் வரும் துண்டுச் சீட்டில் இருக்கை எண் இருக்கும், எடுக்க மறக்காதீர்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம். காகித ஷின்கான்சென் சீட்டில் புறப்படும் இடம் "டோக்கியோ நகர வட்டாரம்" என்று அச்சாகியிருந்தால், ஷின்ஜுகுவிலிருந்து டோக்கியோ நிலையம் வரையான ஜே.ஆர். பயணமும் அதிலேயே அடக்கம். அங்கே கார்டை வைக்காமல் சீட்டையே செருகினால் அந்தக் கட்டணம் மிச்சம். ஸ்மார்ட் ஈ.எக்ஸ். சீட்டில் இந்தச் சலுகை இல்லை. ஜே.ஆர். பாஸ் (ஜே.ஆர். ரயில்களுக்கு முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் சீட்டு) வைத்திருப்பவர்களும் ஜே.ஆர். கேட்டில் பழக்க தோஷத்தில் கார்டை வைத்து இரட்டைச் செலவு செய்துகொள்ளாதீர்கள்.

ஒசாகாவில் மட்டுமே இருக்கப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2024 அக்டோபர் முதல் ஒசாகா மெட்ரோ, ஹான்க்யூ, ஹான்ஷின், கின்டெட்சு ரயில்களில் காண்டாக்ட்லெஸ் வங்கிக் கார்டையே கேட்டில் வைக்கலாம். உள்ளே வைத்த அதே கார்டை வெளியேயும் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

## 8. பேருந்தில்

டோக்கியோ நகருக்குள் தோயெய் பேருந்து 210 யென் ஒரே கட்டணம். முன்வாசலில் ஏறும்போதே வைத்துவிட வேண்டும், இறங்கும்போது தேவையில்லை. கியோட்டோ நகரப் பேருந்தில் நேர்மாறு: பின்வாசலில் ஏறி, முன்வாசலில் இறங்கும்போது வைக்க வேண்டும், 230 யென். தூரத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் ஊர்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் வைக்க வேண்டும். ஏறும்போது மறந்தால் வண்டி கிளம்பிய முதல் நிறுத்தத்திலிருந்து கட்டணம் பிடித்துவிடுவார்கள்.

எந்த முறை என்று தெரியாவிட்டால் ஏறும் வாசலில் கார்டு மெஷின் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வையுங்கள். ஓட்டுநரிடமே ரீசார்ஜ் செய்யலாம், ஆனால் வண்டி நிற்கும்போது, 1,000 யென் நோட்டாக மட்டும். இருவருக்கும் ஒரே கார்டில் கட்ட வேண்டுமென்றால் வைப்பதற்கு முன் "ஃபுதாரி" (இரண்டு பேர்) என்று சொல்லுங்கள். ரயிலில் நடக்காதது இங்கே பெரும்பாலும் நடக்கும்.

## 9. கடையும் லாக்கரும்

பெட்டிக்கடை அளவிலான கடைகளிலிருந்து குளிர்பான மெஷின் வரை கார்டு செல்லும். "சுயிக்கா தே" (சுயிக்காவில்) என்று சொல்லிக் கார்டை வைத்தால் போதும்.

நிலைய லாக்கரில் கார்டால் பணம் கட்டினால் அந்தக் கார்டேதான் சாவி. மனைவியின் கார்டில் பூட்டிவிட்டு உங்கள் கார்டை வைத்து ஆட்டினால் திறக்காது. யார் கார்டில் பூட்டினோம் என்று நினைவில் வைத்து, வரும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

அலுவலகச் செலவில் போகிறவர்களுக்கு: எந்த நிலையத்தில் ஏறி எங்கே இறங்கினீர்கள் என்பது கடைசி 100 பதிவுகள் வரை நிலைய மெஷினில் அச்சாகும். கார்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் அச்செடுங்கள், பிறகு வழியில்லை.

## 10. திருப்பிக் கொடுக்கும்போது

சாதாரண சுயிக்காவை, அதை வழங்கிய ஜே.ஆர். ஈஸ்ட் கவுண்டரில் கொடுத்து "ஹராய்மோதோஷி" (பணத்தைத் திருப்பித் தருதல்) என்றால் புரிந்துகொள்வார்கள். மீதியிலிருந்து 220 யென் கழித்துக்கொண்டு, டெபாசிட் 500-ஐச் சேர்த்துத் தருவார்கள். மீதி 1,300 இருந்தால் கைக்கு வருவது 1,580. மீதி 220-க்குக் கீழே இருந்தால் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மீதி சுழியம் என்றால் கட்டணமே இல்லை, 500 முழுசாக வரும். ஆகவே முதலில் கடையில் செலவழித்து மீதியைத் துடைத்துவிட்டுக் கவுண்டருக்குப் போங்கள். பெரிய சங்கிலிக் கடைகளில் மீதி முழுவதையும் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டு, விலையில் குறைவதை ரொக்கமாக வாங்கிக்கொள்வார்கள்.

சுயிக்காவைப் பாஸ்மோ நிறுவனக் கவுண்டரில் நீட்டிப் பயனில்லை. ஹனேடாவுக்குப் பாஸ்மோ வழங்கும் கேக்யூ என்ற தனியார் ரயிலில் போகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். நகரத்தில் ஜே.ஆர். நிலையத்திலேயே வேலையை முடித்துவிட்டு, கடைசிப் பயணத்துக்குக் காகிதச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காலை நேர விமானம் என்றால் முந்தைய நாளே கொடுத்துவிடுவது உத்தமம், கவுண்டர் திறக்கும் முன்பே நீங்கள் செக்-இன் வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

வெல்கம் சுயிக்காவுக்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை. விமான நிலையக் கடையில் மீதிக்கு ஒரு சாக்லேட் வாங்கிவிட்டு, கார்டை நினைவுக்காகப் பையில் போட்டுக்கொள்ளலாம்.